கழுவிய வேர்கள்

பேக்கரியில் பன் வாங்கினால் நடுவில் சிவப்பாக ஒரு துண்டு ஒட்டியிருக்கும். செர்ரி என்பார்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அதை முதலில் நோண்டித் தின்றவர்கள்தான். பாதி கடைகளில் அது செர்ரி இல்லை, களாக்காய். கொட்டையை எடுத்துவிட்டுச் சாயமும் சர்க்கரையும் ஏற்றிய களாக்காய். ஓசூரில் ஒரு பேக்கரியில் வேலைக்கு இருந்தபோது டின்னைத் திறந்து ஒன்றை வாயில் போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் சர்க்கரை. மென்று விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு நின்றது. அந்தத் துவர்ப்பை எனக்குத் தெரியும். அன்று முழுக்க மாவு பிசைந்துகொண்டே அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த பேக்கரியிலும் நான் நெடுநாள் இருக்கவில்லை. எங்கேயும் இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூர், கேரளாவில் இறால் உரிக்கும் வேலை, கல்யாணச் சமையல்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றியது என்று காலம் போய்விட்டது. காதோரம் நரைத்துவிட்டது. இதெல்லாம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. என்னோடு கம்பெனி ஹாஸ்டலில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வருடம் களாச் செடி வைத்த கதை உங்களில் யாருக்கும் இருக்காது. அதனால் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. ஊறுகாய் ஜாடி, கரண்டுக்கான பீஸ் கட்டை, டீக் கோப்பை, சின்னச் சின்ன பொம்மைகள் எல்லாம் அங்கே செய்தார்கள். உடைந்ததும் விரிசல் விட்டதும் எங்கள் பக்கம்தான் வந்து கொட்டப்படும். வீட்டுக்குப் பின்னால் எங்கே தோண்டினாலும் மூக்கில்லாத பிள்ளையார், கைப்பிடி போன கோப்பை, தலையில்லாத வாத்து கிடைக்கும். எனக்கு விளையாட்டுச் சாமான் அதுதான். செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கிழித்துவிடும்.

அப்பாவுக்கு மண் கரைக்கும் இடத்தில் வேலை. வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் விட்டு, பிறகு காந்தத்தின் மேல் ஓடவிடுவார்கள். மண்ணில் இரும்புத் துகள் ஒன்று இருந்தாலும் சுட்ட பிறகு வெள்ளை ஜாடியில் கரும்புள்ளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஜாடி கழிவு. அதனால் இரும்பு கலந்த செம்மண் என்றாலே அந்த இடத்தில் ஆகாது. காலில் செம்மண்ணோடு யாராவது உள்ளே வந்தால் சண்டைக்குப் போய்விடுவார்களாம்.

அந்தப் பழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். காலைக் கழுவாமல் உள்ளே வர முடியாது. அவரிடம் தேய்ந்துபோன ஒரு காந்தத் துண்டு இருந்தது. கம்பெனியில் வேண்டாம் என்று போட்டது. கறுப்பாக, ஒரு முனை உடைந்து, சோப்புக் கட்டி அளவில் இருக்கும். அதைத் தெரு மண்ணில் புரட்டி எடுத்துக் காட்டுவார். கறுப்பு மீசை மாதிரி துகள் ஒட்டியிருக்கும். அதைத் தொட்டால் விரலில் குத்தாது, கூசும். 'பாத்தியா பாப்பா, இதுதான் எமன்' என்பார்.

அம்மாவோ செம்மண்ணின் ஆள். விடிந்ததும் முந்திரிக் காட்டுக்குப் போவாள். சருகு கூட்டுவாள், சுள்ளி பொறுக்குவாள். கோடை வந்தால் களாப் பறிப்பாள். பச்சைக் காயை ஊறுகாய்க்கென்று சந்தையில் கொடுத்துவிடுவாள். கறுப்பாகப் பழுத்ததை ஜங்ஷன் வாசலில் கூடையோடு உட்கார்ந்து டம்ளரால் அளந்து விற்பாள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஓடுகிறவர்கள் கூட நின்று வாங்குவார்கள்.

ஸ்கூல் இல்லாத நாட்களில் நானும் அவளோடு போவேன். களா முள் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி இருக்கும். கையை நேராக விட்டால் கிழித்துவிடும். அம்மா கீழிருந்து கையைக் கொடுத்து, கிளையைத் தூக்கிப் பிடித்துப் பறிப்பாள். காம்பு கிள்ளிய இடத்தில் பால் வரும். அந்தப் பாலோடு தின்றால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அம்மா பழத்தை முந்தானையில் ஒரு தேய் தேய்த்துத்தான் என் வாயில் போடுவாள். கழுவ மாட்டாள். காட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? அவளுடைய சேலைகள் எல்லாவற்றிலும் முந்தானையின் ஒரே இடத்தில் ஊதா கலந்த கறை இருந்தது. எந்த சோப்புக்கும் அது போகாது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பா பழத்தை மூன்று தண்ணீரில் அலசி வைப்பார். அலசிய பழத்தில் ருசி போய்விட்டது என்று அம்மா அவர் காதுபடவே முணுமுணுப்பாள்.

நான் ஆறாவது படித்த வருடம் பொங்கல் முடிந்து அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது, சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வந்திருக்கும், இப்போது ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தூரம் நடக்கக் கூடாது, சுமை தூக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தபோது மாசி மாதம். அம்மா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி காட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இப்போது களா பூத்திருக்கும், மல்லி மாதிரி வாசம் அடிக்கும் என்பாள். எந்தப் புதர் எங்கே இருக்கிறது என்று படுத்தபடியே வழி சொல்லுவாள். இடிந்த மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருப்பது சதைப்பற்று, ஓடைக் கரையில் இருப்பது சின்னது ஆனால் தேன், ஒற்றைப் பனைக்குக் கீழே இருப்பது வருடம் விட்டு வருடம் காய்க்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் விடியும்போது அவள் கூடையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள். அப்பா ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவளுக்கு மூச்சிரைப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"செத்துப்போவணும்னே பாக்கறியா?" என்றார்.

"படுத்துக்கினே இருந்தாலும் அதேதான் ஆவப்போவுது."

அப்பா கொஞ்ச நேரம் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஒனக்குக் காடுதான வேணும்? நீ போவாத. நான் காட்ட வூட்டுக்குக் கொண்டாறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் போக மாட்டேன் என்று ஒத்துக்கொண்டாள். செடி பிடித்தால்தான் இந்தப் பேச்சு, பிடிக்காவிட்டால் போவேன் என்றும் சொன்னாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு டயர் வண்டி நிறைய களாப் புதர்களைக் கொண்டுவந்து இறக்கினார். கை இரண்டிலும் கீறல். கிளைகளை எல்லாம் வெட்டி மொட்டையாக்கியிருந்தார், வண்டியில் ஏற்ற வேண்டுமே. எந்தப் பக்கம் தோண்டினீங்க என்று அம்மா கட்டிலில் இருந்தே கேட்டாள். காட்டில்தான் என்றார் அப்பா. பழுக்கும்போது தின்று பார்த்து நீயே கண்டுபிடி என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய ரகசியம் வைத்திருப்பவர் மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா கண்ணடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் பல ஊர்களில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பியதில்லை. ஒவ்வொரு செடியாக எடுத்துக் குளிக்கிற மறைப்புக்குப் பக்கத்தில் வைத்து, வேரில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். விரலை விட்டுச் சரளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கோணலாக இருந்த வேர்களைக் கத்தியால் சீவினார், அச்சிலிருந்து எடுத்த கோப்பையின் ஓரத்தைச் சீவுவது மாதிரி. வேர் வெள்ளை வெளேரென்று ஆனது. தோண்டி வைத்திருந்த குழிகளில் பீங்கான் ஓடெல்லாம் பொறுக்கிவிட்டு, கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த வெள்ளைக் களிமண்ணைச் சலித்த சாணித் தூளோடு பிசைந்து நிரப்பினார். நிரப்புவதற்கு முன்னால் அந்தக் காந்தத்தையும் மண்ணில் ஓட்டிப் பார்த்தார். கழுவி எடுத்த செம்மண், சரளை, வெட்டிய வேர்த் துண்டு எல்லாம் குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் ஒரு குவியலாகக் கிடந்தது.

எதிர்வீட்டில் இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "ஏண்டா, களாச் செடிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறியே, சடங்கு எப்ப? சொன்னீன்னா நான் சீர் எடுத்தாறேன்" என்றது. அம்மா கட்டிலில் சிரித்து இருமினாள். அப்பாவும் கோபப்படவில்லை. "நல்ல மண்ணு குடுத்தா நல்லா வரும்க்கா" என்றார். தன் கைக்குக் கிடைத்ததிலேயே ஒசத்தியான மண்ணைத்தான் அவர் கொடுத்தார். அவருக்குத் தெரிந்து மண்ணில் ஒசத்தி என்றால் அதுதான்.

அம்மா மட்டும் ஒரு தடவை, வேர் ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவள் முகம் நன்றாக இருந்தது. கட்டிலைப் பின்வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாள். காலையில் எழுந்ததும் செடி செடியாகப் பார்ப்பாள். ஒரு குச்சியில் துளிர் மாதிரி ஏதோ தெரிகிறது என்று என்னைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்வாள். நான் போய்ப் பார்த்துவிட்டு ஆமாம் என்பேன். அது சுண்ணாம்பு மாதிரி காய்ந்த களிமண் துளியாக இருக்கும்.

ஊற்றிய தண்ணீரைக் களிமண் கீழே விடவில்லை. குழிகள் கிண்ணம் மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டன. சித்திரை வெயில் வந்ததும் மேல்பக்கம் இறுகித் தட்டு மாதிரி வெடித்தது. கீழே ஈரம் நாறியது. ஒவ்வொரு குச்சியாகக் கறுத்தது. அப்பா வேலை விட்டு வந்ததும் உடை மாற்றாமல் போய் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் நிம்மதியாக மூச்சு விடுவார். பிறகு எதிலும் பச்சை தெரியவில்லை. அப்படியும் அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. சாயங்காலம் செத்த குச்சிகளுக்கு ஒரு ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதை அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில், அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா எழுந்து தலை வாரிக்கொண்டாள். கூடையை என் கையில் கொடுத்தாள். செடி பிடிக்கவில்லை, என் பேச்சு முடிந்தது என்றாள். நான் அவளைத் தடுக்கவில்லை. எனக்குக் களாப்பழம் வேண்டும், அம்மா எழுந்து நடக்கிறாள், அந்த வயதில் இது இரண்டும் போதும்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, மெதுவாக நடந்தோம். முந்திரி மரம் மரமாக அம்மா உட்கார்ந்தாள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனோம். அங்கே புதர் இல்லை. ஒரு குழி இருந்தது. அடுத்த புதராவது இருக்குமோ என்று ஓடைக் கரைக்குப் போனோம். அங்கேயும் ஒரு குழி. ஒற்றைப் பனைக்குக் கீழேயும் குழி. மற்ற புதர்கள் அங்கங்கே இருந்தன, காயும் இருந்தது. அம்மா படுத்துக்கொண்டு வழி சொன்ன புதர்கள் மட்டும் ஒன்றுகூட இல்லை. அவள் விரும்பியதையே கொண்டுவர வேண்டும் என்று அப்பா தேடித் தேடித் தோண்டியிருக்கிறார்.

குழிகள் சதுரமாக, ஓரம் பிசிறில்லாமல் இருந்தன. தோண்டிய கட்டிகளைப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அம்மா பனைமரக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டாள். குனிந்து ஒரு பிடி செம்மண்ணை எடுத்தாள், விட்டாள். மறுபடியும் எடுத்தாள்.

"எவ்ளோ சுத்தமா நோண்டியிருக்காரு பாரு" என்றாள்.

வேறு புதரில் பறிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். திரும்பி வரும் வழியில், குழியைப் பார்த்ததை அப்பாவிடம் சொல்லாதே என்றாள். வெறும் கூடையோடு வந்து, வாசல் வாளியில் காலைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். நகத்துக்குள் சிவப்பாக மண் இருந்தது. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கொஞ்சம் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு தீக்குச்சியை எடுத்து அவளுடைய ஒவ்வொரு நகமாகச் சுத்தம் செய்தார். அம்மா கையை நீட்டியபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கு இப்போதுதான் படுகிறது. அப்போது, அப்பாவுக்கு அழுக்கு என்றால் பிடிக்காது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா காட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆடியில் ஒரு நாள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளிக்கக் கூட்டிப்போனேன். மறைப்பின் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள். பின்னால் கிடந்த செம்மண் குவியலில், சரளைக்கு நடுவில், இரண்டு மூன்று துளிர்கள். செம்பு நிறத்தில், எதிரெதிராக இலை வைத்து. வெட்டிப் போட்ட வேரிலிருந்து வந்ததோ, மண்ணோடு வந்த விதையோ, தெரியாது. குளித்த தண்ணீர் தினமும் அங்கேதான் ஓடியது. அம்மா ஓர் இலையைக் கிள்ளினாள். பால் வந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

நான் அப்பாவிடம் சொல்ல ஓடப்போனேன். அவர் முன்பக்கம் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாத. அவுரு பாத்தா இதயும் கழுவி வச்சிடுவாரு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மூச்சு வாங்கி அவள் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு நிற்கவில்லை. சூளைக்குள் ஜாடிகளை வைத்து அடுக்கும் முரட்டு மண்பெட்டி உடைந்தது ஒன்று அங்கே கிடந்தது. அதைத் துளிர்களுக்கு மறைப்பாக வைக்கச் சொன்னாள். உடைந்த பக்கம் கிழக்கே பார்த்து, வெயில் படுகிற மாதிரி.

ஐப்பசி மழையில் அம்மா இறந்துபோனாள். மதியம், நான் ஸ்கூலில் இருந்தபோது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அத்தை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

கருமாதிக்குப் பந்தல் போட வேண்டும் என்று அப்பா பின்பக்கத்தைச் சமன் செய்தார். செத்த களாக் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார். களிமண் குழிகளை வெட்டி நிரவினார். பிறகு மண்வெட்டியோடு குவியலுக்கு வந்தார். நான் அதன்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"எறங்கு பாப்பா. பந்தக்காரங்க வந்துடுவாங்க."

"இத தொடக் கூடாதுப்பா."

"ஏன்?"

நான் மண்பெட்டியை நகர்த்திக் காட்டினேன். முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. முள் வைத்திருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அம்மாதான் மூடி வைத்தது என்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "நீங்க பாத்தா இதயும் கழுவி வச்சிடுவீங்கன்னு சொல்லிச்சு."

அப்பா சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு அப்படிச் சிரிக்கலாமா என்று அத்தை எட்டிப் பார்த்தது. பிறகு மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு அங்கேயே குந்தி, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் தலையில் கை வைத்தது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

பந்தல் கோணலாகத்தான் நின்றது. ஒரு காலைக் குவியலில் ஊன்ற வேண்டியிருந்தது, அப்பா விடவில்லை. சாப்பிட வந்தவர்கள் அந்த மூலையில் நனைந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா அந்தச் செடியைத் தொடவே இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றால்கூட என்னிடம் கேட்பார். நான் ஊற்றலாம் என்றால் ஊற்றுவார். காந்தத்தை அந்த மழைக்காலத்துக்குப் பின் நான் வீட்டில் பார்க்கவில்லை. வாசல் வாளி மட்டும் இருந்தது, ஆனால் பல நாள் காலியாக இருந்தது. நான் எட்டாவதோடு நின்று, தெரிந்தவர்களோடு திருப்பூருக்குக் கிளம்பியபோது செடி என் உயரத்துக்கு வந்திருந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். அத நான் பாத்துக்கறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், பாத்துக்கட்டுமா என்று கேட்டார்.

சில வருடம் கழித்து, ஒரு வைகாசியில், ஹாஸ்டல் போனுக்கு அப்பா கூப்பிட்டார். அத்தை மகனின் செல்போனிலிருந்து பேசினார். ஷிப்டு முடித்து வந்து பஞ்சுத் தலையோடு வாங்கிப் பேசினேன். சாப்பிட்டாயா, மழை உண்டா என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"களா பழுத்துருக்குது பாப்பா. கறுப்பா, கொத்துக் கொத்தா."

"பறிச்சீங்களாப்பா?"

"இல்ல. ஒன்னக் கேட்டுட்டுப் பறிக்கலாம்னு."

"பறிங்கப்பா."

சரி என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. பின்னால் மைனா கத்துவது கேட்டது. செடிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறார் என்று தெரிந்தது.

"கழுவிட்டுத் திங்கலாமா, அப்புடியே திங்கறதா?"

எனக்குப் பின்னால் போனுக்காக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கழுவக் கூடாதுப்பா, அம்மா முந்தானையில் துடைத்துத்தான் கொடுக்கும் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் மைனா மறுபடியும் கத்தியது.

"பொட்டியில ஒரு சேல இருக்குது" என்றார்.